ராத்திரிக்கென்று ஒரே வாசனை: மனசு அடங்கவும் தூக்கம் வரவும் நறுமண எண்ணெய்களைப் பயன்படுத்தும் முழு முறை

அப்பாவுக்கு முடியாமல் இருந்த ஏழு மாதமும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலையாக இருந்தது. அவர் போன பிறகும் அந்த 2 மணி என்னை விடவில்லை. அலாரம் இல்லை, கூப்பிட ஆள் இல்லை, ஆனாலும் கண் விழித்துக்கொள்ளும். அப்புறம் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை மனசு ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். காரியத்துக்கு வந்திருந்த அத்தை என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஊருக்குப் போன அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவர் கையில் ஒரு கைப்பிடி வெட்டிவேர் கொடுத்தனுப்பினார். போனில், "தலகாணி உறைக்குள்ள போட்டுக்கோம்மா, காஞ்சு போச்சுன்னா லேசா தண்ணி தெளி" என்றார், அவ்வளவுதான்.

அந்த வேர் என் தூக்கத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொன்னால் பொய். நானும் அதோடு நிற்கவில்லை. இணையத்தில் ஆறு பாட்டில் கொண்ட ஒரு நறுமண எண்ணெய் (எசென்ஷியல் ஆயில்) செட் வாங்கி, இன்று லாவெண்டர், நாளை மல்லிகை, மறுநாள் இரண்டும் சேர்த்து என்று ஒரு மாதம் ஓட்டினேன். தலைவலி வந்தது, மணிக்கட்டில் தடிப்பு வந்தது, தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து முறையாகப் படிக்கத் தொடங்கினேன். இந்தச் சில வருடங்களில் எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வாசனை தூக்க மாத்திரை இல்லை, அது உடம்புக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அடையாளம். ஒரே வாசனை, ஒரே நேரம், ஒரே இடம், கொஞ்சமே கொஞ்சம், விடாமல். கீழே இருக்கும் படிகள் எல்லாம் இதைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

மூக்கிலிருந்து மனசுக்கு

மூக்கின் உள்ளே மேல் கூரையில், கண்களுக்கு இடையே வரும் உயரத்தில், வாசனையைப் பிடிக்கும் செல்கள் உள்ள சின்னச் சவ்வு இருக்கிறது. அந்தச் செல்களில், வாசனைத் துகள்கள் வந்து பொருந்தும் ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளைக்குள் தாலமஸ் என்ற நடு நிலையத்தின் வழியாகத்தான் மேலே போகும். வாசனை மட்டும் அங்கே நிற்காமல், பயத்தையும் பதட்டத்தையும் கையாளும் அமிக்டலாவுக்கும், அங்கிருந்து நினைவைப் பதியவைக்கும் பகுதிக்கும் நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்பே மனசு மாறிவிடுகிறது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. அப்பா அறையைத் துடைக்க நாங்கள் பயன்படுத்திய கிருமிநாசினியின் வாசனை இன்றைக்கும் எந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் வந்தாலும் எனக்கு நெஞ்சு இறுகும். யாரும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏழு மாதம் தினமும் அதே வாசனை, அதே கவலை, தானாகப் பதிந்துவிட்டது. அதே வழியில் ஒரு நல்ல வாசனையையும் பதிய வைக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது.

சங்கதி பழக்கம் மட்டும்தானா, எண்ணெயில் ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. லாவெண்டரில் உள்ள லினலூல் என்ற பொருளை ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு முகரக் கொடுத்துப் பார்த்தார்கள், 2018-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. எலிகளின் பதட்டம் குறைந்தது, ஆனால் மோப்ப சக்தி இல்லாத எலிகளிடம் அந்த மாற்றம் வரவில்லை. மூக்கு வழியாகத்தான் நடக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதோடு, மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுப்பதைப் போல இங்கே வாசனையை மறைக்க முடியாது, முகர்ந்தவருக்குத் தெரிந்துவிடும். அதனால் லேசான பதட்டத்துக்கும் லேசான தூக்கக் குறைவுக்கும் கைகொடுக்கும் என்பதற்கு மேல் யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 1: பாட்டில் வாங்குவதற்கு முன்

தூக்கம் எங்கே உடைகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். படுத்து ஒரு மணி நேரம் வரவில்லையா, நடுவில் விழிப்பா, விடியலுக்கு முன்பே முழிப்பா? மாலை 6 மணிக்குக் குடிக்கும் காபியில் உள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு லாவெண்டரைத் தேடுவதில் அர்த்தமில்லை. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னாலோ, ராத்திரி வியர்த்துக் கொட்டினாலோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரைக்கு அப்புறம் தூக்கம் போயிருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் 3 ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சையாக இன்று சொல்லப்படுவது தூக்கத்துக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் நினைப்புகளையும் மாற்றும் முறை. மாத்திரைகூட அதற்கு அடுத்துத்தான். வாசனை அதோடு சேர்ந்து வரலாம், அதற்குப் பதிலாக வரக்கூடாது.

படி 2: எந்த வாசனை

ராத்திரிக்கு ஒன்றே ஒன்று தேர்ந்தெடுங்கள். உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் முதல் விதி. லாவெண்டர் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது, ஆனால் சோப்புக் கடைக்குள் நின்ற மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. பிடிக்காத வாசனையை ஆராய்ச்சி சொல்கிறது என்பதற்காகத் தலையணையில் வைத்துக்கொண்டு படுக்க முடியாது.

என் முதல் சிபாரிசு வெட்டிவேர், அதிலும் எண்ணெய் இல்லை, வேரே. கடலூர் மாவட்டக் கடலோர மணல் பூமியில் விளைவது, நாட்டு மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். வாங்கியதும் மண் போக இரண்டு தடவை அலசுங்கள். காய்ந்து கிடக்கும்போது வைக்கோல் மாதிரித்தான் இருக்கும், பெரிதாக வாசனை தெரியாது. தண்ணீர் பட்டதும் முதலில் ஒரு நொடி வெறும் ஈரமண், அப்புறம் அதற்கு அடியிலிருந்து கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் புகை கலந்த மாதிரி, கிணற்றடி நிழலில் நிற்பதுபோல ஒரு குளிர்ச்சி மேலே வரும். விரலில் ஒட்டினால் கை கழுவிய பிறகும் போகாது. கனமான மூலக்கூறுகள் என்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும், ராத்திரி முழுக்க நிற்பதற்கும் அதுதான் காரணம். கடையில் கேட்கும்போது 'வெட்டிவேர்' என்றே கேளுங்கள். விலாமிச்சை வேர் என்று இன்னொன்று உண்டு, அதுவும் நல்ல வாசனைதான், ஆனால் வேறு செடி.

வேரிலிருந்து வடித்த எண்ணெயும் வருகிறது. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் இன்னமும் செம்புப் பாத்திரங்களில் வடிக்கிறார்கள், செம்பு பட்டு எண்ணெயில் பச்சை ஓடும். எண்ணெய் தேன் மாதிரி கெட்டி. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுத் தட்டினால் 1 சொட்டுக்குப் பதில் 4 விழுந்து அறையே சேற்று வயல் ஆகிவிடும்.

லாவெண்டர் வாங்குவதாக இருந்தால் லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். லாவண்டின் என்ற கலப்பினமும், ஸ்பைக் லாவெண்டரும் அதே 'லாவெண்டர்' பேரில் வரும். அவற்றில் கற்பூரச் சத்து அதிகம், அது அடக்காது, எழுப்பிவிடும். லாவெண்டர் போட்டால் எனக்கு இன்னும் முழிப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். இப்போது ஜம்முவின் தோடா மாவட்டம் பதர்வாவில் மத்திய அரசின் அரோமா மிஷன் வழியாக விவசாயிகள் லாவெண்டர் பயிரிடுகிறார்கள், நம் நாட்டு எண்ணெயே நன்றாக வருகிறது.

மல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் முதலில் அதைத்தான் தேடுவோம். மல்லிகையை ஆவியில் வடித்தால் அந்த மணம் வராது, கரைப்பான் வைத்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததை அப்சல்யூட் என்பார்கள். 1 கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதனால் லாவெண்டர் விலைக்கே விற்கும் 'மல்லிகை எசென்ஷியல் ஆயில்' மல்லிகையாக இருக்க வாய்ப்பே இல்லை, செயற்கை வாசனைத் திரவியம்தான். எனக்குத் தலைவலி கொடுத்த பாட்டில் அதுதான். மதுரை மல்லி கிடைக்கும் ஊரில் இருந்தால் ஒரு முழம் பூவைத் தலைமாட்டில் வையுங்கள், அதைவிட நல்ல மல்லிகை எந்தப் பாட்டிலிலும் இல்லை. ஆனால் சிலருக்கு மல்லிகை மனசைத் தூக்கிவிடும், தூங்க விடாது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தன எண்ணெயும் இதே கதைதான், விலை மலிவாக இருந்தால் சந்தனம் இல்லை.

மரிக்கொழுந்து, கெமோமில் (சீமைச் சாமந்தி), பெர்கமாட் (எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்று), இவையும் ராத்திரிக்குச் சரிப்படும். நீலகிரித் தைலம், புதினா, ரோஸ்மேரி மூன்றும் வேண்டாம், அவை சுறுசுறுப்புக்கான வாசனைகள்.

படி 3: கடையில் எதைப் பார்ப்பது

செடியின் தாவரவியல் பெயர், எந்த நாடு, எப்படி எடுத்தது, பேட்ச் எண், இந்த நான்கும் லேபிளில் இருக்க வேண்டும். கருப்புப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் அவசியம், பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தால் வாங்காதீர்கள், இந்த எண்ணெய்கள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்', 'பெர்ஃப்யூம் ஆயில்' என்று எழுதியிருந்தால் அது வேறு சாமான். ஒரு கடையில் எல்லா எண்ணெயும் ஒரே விலை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், ஆரஞ்சுத் தோலும் ரோஜாவும் எப்படி ஒரே விலைக்கு வரும்?

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் 1 சொட்டு லாவெண்டர் விட்டு ஒரு நாள் விடுங்கள். சுத்தமானது என்றால் ஆவியாகிப் போயிருக்கும், வடைக்கு அடியில் வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டி எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. செயற்கைத் திரவியம் கலந்திருந்தால் இதில் தெரியவும் தெரியாது. 5 அல்லது 10 மில்லி போதும், பெரிய பாட்டில் வேண்டாம்.

படி 4: கலக்கும் கணக்கு

நறுமண எண்ணெய் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு அரோமாதெரபி என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910-ல் ஆய்வகத்தில் வெடிவிபத்து நடந்து கை வெந்துபோனது, பதறிப்போய் பக்கத்திலிருந்த லாவெண்டர் எண்ணெயில் கையை முக்கினார், உடனே ஆறிவிட்டது என்று ஒரு கதை எங்கே பார்த்தாலும் சொல்வார்கள். அவரே எழுதியது அப்படி இல்லை. காயத்தில் கிருமி தொற்றிய பிறகு, தெரிந்தேதான் லாவெண்டரைப் பயன்படுத்தினார். இந்தக் கதையை நம்பித்தான் பலர் எண்ணெயை நேராகத் தோலில் தேய்க்கிறார்கள், நானும் மணிக்கட்டில் தேய்த்தேன். மூன்றாம் நாள் சிவந்து, ஐந்தாம் நாள் வளையல் போடும் இடம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை பழகிவிட்டால் அது ஆயுசுக்கும் நிற்கலாம், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு எளிது. 1 மில்லியில் சுமார் 20 சொட்டு. 30 மில்லி சாதாரண எண்ணெயில் நறுமண எண்ணெய் 6 சொட்டு கலந்தால் 1 சதவீதம், 12 சொட்டு என்றால் 2 சதவீதம். தூக்கத்துக்கு 1 சதவீதமே தாராளம். கலக்கும் எண்ணெய்க்குப் பாதாம் எண்ணெய் நன்றாக இருக்கும், தேங்காய் எண்ணெயும் சரி. செக்கு நல்லெண்ணெயின் சொந்த வாசனை லாவெண்டரை விழுங்கிவிடும், ஆனால் வெட்டிவேரோடு அழகாகச் சேரும். கலந்ததும் முழங்கைக்கு உட்பக்கம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள், அரிப்பில்லை என்றால் மேலே போகலாம்.

எலுமிச்சை, பெர்கமாட் இரண்டையும் தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது. தோல் கருத்துப் புண்ணாகும்.

குடிப்பது கூடவே கூடாது. ஜெர்மனியில் லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் அளவில் மாத்திரையாகப் பதட்டத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது அளவும் தரமும் கட்டுப்படுத்தித் தயாரித்த மருந்து. அதைக் காரணம் காட்டி வெந்நீரில் 2 சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

படி 5: எப்படிப் பயன்படுத்துவது

எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

வேரைப் பழைய வேட்டித் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டித் தலையணை உறைக்குள், காது படாத ஓரத்தில் வையுங்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கையை நனைத்து அதன்மேல் உதறினால் போதும், படுக்கும் நேரத்துக்கு ஈரம் இறங்கி வாசனை மட்டும் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு எடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் மணம் மங்கும், மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, குளியல். நம் வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது போலத் தொட்டி கிடையாது, பக்கெட்தான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெந்நீர் பக்கெட்டில் அந்த முடிச்சைப் போட்டுக் கால் மணி நேரம் மூடி வையுங்கள், அப்புறம் குளியுங்கள். வெந்நீரில் குளித்து வெளியே வந்ததும் உடம்பின் உள்சூடு இறங்கத் தொடங்கும், அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைத்து வரும், வாசனை அதோடு சேர்ந்து பதியும். எசென்ஷியல் ஆயிலைத் தண்ணீரில் நேராக விடாதீர்கள், கலக்காமல் மேலே மிதந்து தோலில் அப்படியே ஒட்டும், தரையும் வழுக்கும்.

பாதத்தில் தேய்ப்பது, மனசு மிகவும் அலைபாயும் நாட்களுக்கு. 1 சதவீதக் கலவையில் அரை ஸ்பூன், ஒரு பாதத்துக்கு 3 நிமிடம், குதிகாலிலிருந்து விரல் வரை கட்டைவிரலால் அழுத்தி. பாதம் வழியாக எண்ணெய் உடம்பு முழுக்கப் போய்விடும் என்பதற்காக இல்லை, அந்த 6 நிமிடமும் கை போனை எடுக்காது என்பதற்காக. வயதான அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் தேய்த்து விடுங்கள். கடைசி மாதங்களில் அப்பாவுக்கு நான் செய்துவிட்டேன். வெறும் தேங்காய் எண்ணெய்தான், வேறெதுவும் எனக்கு அப்போது தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொள்வார், நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விடுபடும், அதைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பேன். தொடுகையும் பாதி மருந்து.

டிஃப்யூசர், அதாவது தண்ணீரில் விட்ட எண்ணெயை அறையில் பரப்பும் கருவி, வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. இருந்தால் 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, படுக்கும்போது நிறுத்திவிடுங்கள். ராத்திரி முழுக்க ஓடவிடுவது வேண்டாம், அதுவும் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்தி ஏசி போட்ட அறையில் வேண்டவே வேண்டாம். சில நிமிடத்தில் மூக்கு பழகிப்போய் வாசனை தெரியாமல் போகும், இதுதான் எல்லாரும் தவறு செய்யும் இடம். வாசனை தீர்ந்துவிட்டது என்று இன்னும் 4 சொட்டு விடுவார்கள், விடியற்காலையில் தலை கனக்கும். வாசனை அறையில் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போய் 5 நிமிடம் கழித்து உள்ளே வந்து பாருங்கள். கொசுவர்த்தியோ ஊதுவத்தியோ கூடவே எரிந்தால் இதெல்லாம் வீண், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் மூன்று வாரம்

பொருள் வாங்குவது சுலபம், இந்தப் படியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரி வாசனையைப் பகலில் தொடவே கூடாது. ஹாலில், வண்டியில், கைக்குட்டையில் எல்லாம் அதே வாசனை இருந்தால் உடம்புக்கு அது தூக்கத்தின் அடையாளமாகாது, வீட்டு வாசனையாகிவிடும். தினமும் ஒரே நேரம், எனக்கு 10 மணி. போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து விளக்கைக் குறைக்கிறேன், வேர் முடிச்சை மூக்கருகே கொண்டுவந்து 4 எண்ணும்வரை உள்ளே இழுத்து, 6 எண்ணும்வரை வெளியே விடுகிறேன், பத்து முறை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், நெஞ்சுத் துடிப்பு இறங்குவது அந்த வெளிமூச்சில்தான்.

படுத்து 20 நிமிடம்போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வெளியே வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாகத்தான். முடிச்சைப் படுக்கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தூக்கமில்லாமல் புரளும் நேரத்தோடு அந்த வாசனை சேர்ந்துவிடக்கூடாது, கிருமிநாசினி எனக்கு ஆன மாதிரி ஆகிவிடும். கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுங்கள், வாசனை அங்கே காத்திருக்கும்.

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. எனக்கு 2 மணி விழிப்பு தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டாம் நாள் போல, விழித்ததும் பக்கத்தில் அந்த ஈரமண் வாசனை தெரிந்தது, அப்பாவின் அறை நினைவுக்கு வருவதற்கு முன்பே அது வந்தது. அதன்பிறகு எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று தெரியவில்லை, பால்காரர் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாள் மறுபடி விழிப்பு. இப்படி முன்னும் பின்னுமாகத்தான் போகும், ஒரு நல்ல ராத்திரியை வைத்தும் ஒரு கெட்ட ராத்திரியை வைத்தும் முடிவெடுக்காதீர்கள்.

படி 7: பகலில் வரும் பதட்டத்துக்கு

இதற்கு வேறு வாசனை வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சைப்புல், புதினா, எது பிடிக்கிறதோ அது. கைக்குட்டையின் ஒரு மூலையில் 1 சொட்டு, அவ்வளவுதான். அலுவலகத்தில் எல்லாருக்கும் சேர்த்து டிஃப்யூசர் வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு ஒற்றைத் தலைவலி இருக்கலாம். நெஞ்சு படபடக்கும்போது முகர்வதோடு நிற்காமல் அந்த வாசனையை மனசுக்குள் விவரித்துப் பாருங்கள், கூர்மையா, இனிப்பா, பச்சையா, யார் வீட்டு வாசனை, எந்தக் காலத்து வாசனை. ஓடுகிற நினைப்பு கொஞ்சம் நிற்கும்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நீலகிரித் தைலமும் கற்பூரமும் நெஞ்சில் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். குழந்தை இவற்றில் கொஞ்சம் விழுங்கிவிட்டாலே வலிப்பு வரலாம், கற்பூரம் சின்ன அளவிலேயே ஆபத்து. பாட்டில்களை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் நீலகிரி, ரோஸ்மேரி, கற்பூரம் பக்கம் போகக்கூடாது.

கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் 3 மாதம், மருத்துவரைக் கேட்காமல் எந்த எசென்ஷியல் ஆயிலும் வேண்டாம். தலையணையில் ஒரு பூவோ வேரோ போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த வாசனையும் மூச்சைப் பிடிக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் டிஃப்யூசரை மறந்துவிடுங்கள், இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் விஷம்.

சாம்பிராணியைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கும் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தின் அந்த மணம் உயிர். ஆனால் அது புகை. கரியில் போட்டாலும் சரி, கம்ப்யூட்டர் சாம்பிராணி கொளுத்தினாலும் சரி, நுண்துகள் நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில், ஹாலில் போடுங்கள். படுக்கையறையில் வேண்டாம், தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தைக்குப் புகை காட்டுவதும் வேண்டாம்.

பலிக்காவிட்டால்

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, வேறு உதவி தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம். எதிலும் ஆசை இல்லாமல் போவது, சாப்பாடு இறங்காமல் போவது, வாழ்வதே சுமையாகத் தோன்றுவது, இவற்றுக்கு எந்த வாசனையும் மருந்தில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். இலங்கையில் 1926. நான் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார், அப்பாவைப் பற்றி நான் முதல்முதலாக முழுசாக அழுதது அந்த ராத்திரிதான்.

பாட்டிலையும் வேரையும் பாதுகாப்பது

திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை 1 வருடம், லாவெண்டர் 2 வருடம்போலத் தாங்கும். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் தோலை அதிகம் உறுத்தும், அதனால் மிச்சம் இருக்கிறதே என்று தேய்க்காமல் தூக்கிப் போடுங்கள். வெட்டிவேர், சந்தன எண்ணெய்கள் வருடம் ஆக ஆக மணம் கூடும். அடுப்பு மேடை அலமாரியில் வைக்காதீர்கள், சூடு ஆகாது.

ஊருக்குப் போகும்போது ராத்திரி வாசனையையும் கூட எடுத்துப் போங்கள், புது இடத்தில் தூக்கம் வராதவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. முடிச்சை லேசாக நனைத்து ஜிப் வைத்த கவரில் போட்டுப் பையின் மேலறையில் வைத்துவிடுவேன். பஸ் நகரத்தைத் தாண்டி விளக்கை அணைத்த பிறகுதான் கவரைத் திறப்பேன், துப்பட்டாவுக்குள் சுற்றிக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொள்வேன். போன தடவை அத்தையைப் பார்க்கப் போனபோது நடத்துநர் எழுப்பித்தான் இறங்கினேன், மணி காலை 5. தீர்ந்துபோயிருந்த முடிச்சுக்கு அத்தை புது வேர் கட்டிக் கொடுத்தார்.